கட்டம் சார் மறைத்து வைத்த கோப்பு

பள்ளி திறக்க இரண்டே நாள் இருந்த ஒரு சனிக்கிழமை, காலை எட்டரை மணிக்கு எச்.எம். மேடம் எனக்குப் போன் செய்தார். நான் அந்தப் பள்ளியில் புவியியல் டீச்சராகச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. அவராகப் போன் செய்தது அதுவே முதல் தடவை.

"டீச்சர், உங்ககிட்ட பழைய டைம்டேபிள் எல்லாம் இருக்கில்ல?"

"எல்லாம்னா?"

"எல்லா வருஷமும். மனு குடுக்கும்போதெல்லாம் பின்னாடி சேத்துக் குடுப்பீங்களே, அது."

இருந்தது. என்னிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும்? எங்கள் பள்ளியில் இருபது வகுப்புகள், இருபத்தேழு ஆசிரியர்கள், ஒரு நாளைக்கு எட்டு பீரியட். வெள்ளிக்கிழமை எட்டாவது பீரியடில் இருபது பேர் வகுப்பில் இருக்க வேண்டும், மீதி ஏழு பேர் மூன்று மணிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த ஏழு பேரில் நான் இருந்ததில்லை. அதனால் ஒவ்வொரு வருடமும் அறிவிப்புப் பலகையில் டைம்டேபிள் ஏறியதும் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து மொத்தத்தையும் கம்ப்யூட்டரில் தட்டி, யாருக்கு எத்தனை கடைசி பீரியட், யாருக்கு எத்தனை முதல் பீரியட் என்று கணக்கெடுத்து, சலுகை பெற்றவர்களுக்கு மஞ்சள் அடித்து, மனுவோடு இணைத்து எச்.எம். மேஜையில் வைப்பேன். "பாக்கறேன்" என்பார். பதினொன்றும் அவருடைய பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. பார்த்தாரா என்று தெரியாது.

"எதுக்கு மேடம் கேக்கறீங்க?"

"நம்ம கட்டம் சார் வீட்டுக் கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்திருச்சாம். எல்லாத்தையும் பூட்டிட்டு பணம் கேக்குதாம். இந்த வருஷ டைம்டேபிள் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்.

கட்டம் சார் கணக்கு ஆசிரியர். டைம்டேபிள் போடுவது பதிமூன்று வருடமாக அவர் ஒருவர்தான். கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும், அது கல்யாணப் பத்திரிகையின் முதுகாக இருந்தாலும், கோடு இழுத்துக் கட்டம் போட ஆரம்பித்துவிடுவார். பேர் அப்படி வந்தது. வருடக் கடைசியில் ஸ்டாஃப் ரூமில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்காது. ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்வார்கள். அவர் தலையாட்டுவார். சேர்ந்த வருடமே அதைப் பார்த்தேன், அருவருத்துப் போனேன். ஒருத்தர் காதில் போய்க் கிசுகிசுத்து வாங்குவது எனக்கு வேண்டாம். எனக்கு வரவேண்டியது நியாயமாக வரட்டும், வராவிட்டால் எழுத்தில் கேட்கிறேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எச்.எம். என்னைக் கூப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன வருடம் என் கம்ப்யூட்டரிலும் இதே மாதிரி ஒன்று வந்தது. கூரியர் ரசீது என்று வந்த மெயிலைத் திறந்து நானே வரவழைத்தேன். ஆனால் என் மனுக் கோப்புகள் ஒன்றுகூடப் போகவில்லை. கோபக்காரிக்கு யாரும் பேக்கப் எடுக்கக் கற்றுத்தரத் தேவையில்லை. ஆதாரம் காணாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவற்றை இரண்டு தனி டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றைத் துணி பீரோவிலும் ஒன்றை அக்கா வீட்டிலும் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரைத் துடைத்து முதலிலிருந்து போட ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில் கற்றுக்கொண்டதெல்லாம் இப்போது ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கிறது: புதிதாக விண்டோஸ் போட ஒரு பென் டிரைவ், உபரியாக ஒரு டிஸ்க், திருப்புளி, கையால் எழுதிய நாலு பக்கம். அந்தப் பெட்டியையும் என் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கட்டம் சார் வீடு மூன்றாவது மாடி. அவருடைய மனைவி கதவைத் திறந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதானா அந்த வெள்ளிக்கிழமை டீச்சர்?" என்றார். என் புகழ் வீடு வரைக்கும் வந்திருந்தது.

கம்ப்யூட்டர் படுக்கையறை மூலையில், சுவரைப் பார்த்து இருந்தது. கதவு வழியாக யார் எட்டிப் பார்த்தாலும் திரை தெரியாது. கட்டம் சார் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் தாடி. திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு. உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, மூன்று நாளுக்குள் பணம் அனுப்பினால் சாவி கிடைக்கும், தாமதித்தால் தொகை இரட்டிப்பாகும். ஓரத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க டீச்சர்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் முதலில் நெட் கேபிளைப் பிடுங்கினேன். ஹாலில் இருந்த வைஃபை பெட்டியையும் அணைத்தேன்.

"எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்க?"

"ஒரு பத்து தடவை இருக்கும்."

"பணம் கிணம் அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பலாம்னு பாத்தேன். இவ விடல."

"அனுப்பினாலும் சாவி வரும்னு என்ன நிச்சயம்? திருடன் சொன்ன சொல்லைக் காப்பாத்துவான்னு நம்பற ஆளு இவர்" என்று அவருடைய மனைவி சமையலறையிலிருந்து சொன்னார்.

எப்படி வந்தது என்று கேட்டேன். கட்டம் சார் மேஜையில் விரலால் கட்டம் போட ஆரம்பித்தார். மனைவிதான் வந்து சொன்னார். பக்கத்துப் பள்ளியின் டைம்டேபிள் யார் மூலமோ இவருக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே லேப் பீரியடை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை. ஆனால் அந்தக் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தார்கள். பூட்டை உடைக்கும் இலவச மென்பொருள் என்று இணையத்தில் தேடி ஒன்றை இறக்கியிருக்கிறார். நிறுவும்போது ஆன்டிவைரஸ் தொந்தரவு செய்யும், கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள் என்று அதுவே சொல்லியிருக்கிறது. இவரும் அணைத்து வைத்திருக்கிறார்.

"அதுவா கேட்டுச்சு, நீங்களும் அணைச்சீங்களா?"

"மரியாதையாத்தான் கேட்டுச்சு" என்றார் அவர்.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். தன் கோப்பை அடுத்தவர் திறந்துவிடக் கூடாது என்று இவர் செய்யாத ஏற்பாடு இல்லை. ஆறு வருடத்துக்கு முன் பள்ளிக் கம்ப்யூட்டரில் வைத்திருந்த வரைவை இயற்பியல் சார் திறந்து பார்த்துவிட்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டார், மறுநாள் பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். அன்றிலிருந்து வரைவு இந்த வீட்டை விட்டு வெளியே போனதில்லை. மெயிலில் அனுப்ப மாட்டார், இணையத்தில் சேமிக்க மாட்டார், அச்செடுத்ததைப் பொடிப்பொடியாகக் கிழித்து வேறு தெருக் குப்பைத்தொட்டியில் போடுவார். அவருக்குத் தெரிந்த எதிரிகள் எல்லாம் ஸ்டாஃப் ரூமில்தான் இருந்தார்கள். வெளியே ஒருவன் இருப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஆனா பேக்கப் இருக்கு டீச்சர்" என்றார் திடீரென்று. நாற்காலியிலிருந்து இறங்கி மேஜைக்கு அடியில் நுழைந்தார். கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன பென் டிரைவ், யார் கண்ணிலும் படாதபடி கறுப்பு டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"இதை எப்ப மாட்டினீங்க?"

"மூணு வருஷமா அங்கதான் இருக்கு. தினம் ராத்திரி அதுவாவே காப்பி ஆகிடும்."

"அப்ப நேத்தும் மாட்டியேதான் இருந்துச்சு?"

அவர் மேஜைக்கு அடியில் குனிந்தபடியே இருந்தார். கணக்கு ஆசிரியர் அல்லவா, விடை தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் பார்க்க முடிந்த எல்லாவற்றையும் அந்தக் கிருமியும் பார்த்திருக்கும். திறந்து பார்த்தோம். பென் டிரைவில் இருந்த கோப்புகளும் பேர் மாறி, பேருக்குப் பின்னால் புரியாத எழுத்துகளாக வால் முளைத்துக் கிடந்தன.

அவர் வெளியே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். காலையில் எனக்கிருந்த சந்தோஷம் அப்போது எங்கே போனது என்று தெரியவில்லை.

வேலையை ஆரம்பித்தேன். முதலில் அவருடைய மனைவியின் போனை வாங்கி, அதிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வைத்தேன். மெயிலுக்கு முதலில், பிறகு வங்கிக்கு, பிறகு மற்றவற்றுக்கு. மெயில் அடுத்தவன் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் அதன் வழியாகத் திருப்பி மாற்றிக்கொள்வான். எல்லாவற்றுக்கும் கட்டம் சார் ஒரே கடவுச்சொல்லைத்தான் வைத்திருந்தார். அது என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மனைவி மட்டும், "எனக்குத் தெரியும், கல்யாண நாள். நேர்ல மறந்துடுவார்" என்றார்.

பிறகு அறிவிப்பையும் கோப்புகளின் வாலையும் போட்டோ எடுத்து, என் லேப்டாப்பில் தேடினேன். சில பழைய கிருமிகளுக்கு யாராவது சாவி கண்டுபிடித்து இலவசமாகவே வெளியிட்டிருப்பார்கள். இதற்கு இல்லை. கம்ப்யூட்டரின் பக்கவாட்டைத் திருப்புளியால் திறந்து, டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி ஒரு கவரில் போட்டேன்.

"தூக்கிப் போட்டுடாதீங்க. என்னைக்காவது சாவி வந்தாலும் வரும். வராமயும் போகலாம். அதுவரைக்கும் எதுலயும் மாட்டக் கூடாது."

என் உபரி டிஸ்க்கைப் பொருத்தி, பென் டிரைவிலிருந்து புதிதாக விண்டோஸ் போட விட்டேன். சதவீதம் ஏற ஆரம்பித்தது. டீ வந்தது.

போன வருட டைம்டேபிளை என் லேப்டாப்பில் திறந்து அவர் முன்னால் வைத்தேன். நான் போட்ட மஞ்சள் எல்லாம் அதில் அப்படியே இருந்தது. அழித்துவிட்டுக் கொண்டு வந்திருக்கலாம். வேண்டுமென்றேதான் அழிக்கவில்லை.

"திங்கட்கிழமை இதையே ஒட்டிடலாம்னு எச்.எம். சொல்றாங்க. ரெண்டு மாசம் ஓட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாமாம்."

"முடியாது."

"ஏன்? ஆளுங்க அதேதானே. ஒருத்தர்தான் புதுசு."

"பழசை ஒட்டினா ரெண்டு பேர் வேலைய விட்டுட்டுப் போக வேண்டி வரும் டீச்சர்."

"யார் ரெண்டு பேர்?"

அவர் மேஜையில் மறுபடி விரலால் கட்டம் போட்டார். நான் டீயைக் குடித்து முடித்தேன். மனைவி கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றார்.

"இவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்ங்க. டைம்டேபிள் போச்சு, அது கூட இருந்த இன்னொண்ணும் போச்சு. இனிமே எல்லாம் உங்க தலைக்குள்ளதான் இருக்கு. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா யாருக்குத் தெரியும்?"

"இன்னொண்ணா?" என்றேன்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. டைம்டேபிளோடு ஒரு கோப்பு இருந்திருக்கிறது. இருபத்தேழு பேருக்கும் ஆளுக்கொரு வரி. யாருக்கு எந்த நேரம் ஆகாது, ஏன் ஆகாது என்று. பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்திச் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. பதிமூன்று வருடம். டைம்டேபிளை அவர் மறைத்ததே அதற்காகத்தான். எச்.எம்.முக்குக்கூடக் காரணத்தைச் சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"பேர் வேண்டாம், நேரம் மட்டும் சொல்லுங்க" என்று பார்த்தேன். நடக்கவில்லை. ஒரு கட்டத்தை நகர்த்தினால் நாலு கட்டம் நகர்கிறது, எது விட்டுக்கொடுக்கக் கூடியது, எது கூடாதது என்று காரணம் தெரியாமல் முடிவு செய்ய முடியாது. தவிர, மனுவுக்காக நான் எழுதிவைத்த சூத்திரங்கள் என் கோப்பில் இருந்தன. ஒரே நேரத்தில் ஒரே ஆள் இரண்டு வகுப்பில் மாட்டினால் சிவப்பாகும். அவர் அதையெல்லாம் இத்தனை வருடம் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"இந்த ரூமை விட்டு வெளியே போகக் கூடாது டீச்சர்."

"போகாது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல ஒரே சுருதியில் சொல்ல ஆரம்பித்தார். நான் தட்டினேன்.

வேதியியல் டீச்சர். அவருடைய கணவருக்கு டயாலிசிஸ். இதுவரை புதன்கிழமை காலை, இந்த வருடத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மாலை. கூட்டிக்கொண்டு போக வேறு ஆள் இல்லை. இரண்டு நாளும் ஏழாவது, எட்டாவது பீரியட் கூடாது.

என் ஆறாவது மனுவில் அவருக்கென்று ஒரு தனிப் பத்தி உண்டு. "புதன்கிழமை முதல் இரண்டு பீரியட் ஒரே ஆசிரியைக்குத் தொடர்ந்து நான்கு வருடமாக ஓய்வாக அமைவது தற்செயலா என்பதை நிர்வாகம் விளக்க வேண்டும்." அந்த வாக்கியத்தை மூன்று தடவை திருத்தி எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

ஓவிய சார். வெளிச்சம் மங்கினால் கண் சரியாகத் தெரியாது. வெகுதூரம் ஸ்கூட்டரில் போகிறவர். எந்த நாளும் கடைசி பீரியட் கூடாது. ஓவியருக்குக் கண் தெரியவில்லை என்று வெளியே தெரிந்தால் வேலை என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு.

விளையாட்டு சார். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர். மதிய இடைவேளைக்கு முந்தைய பீரியட் வெயிலில் நிற்கக் கூடாது, போன வருடத்துக்கு முந்தைய வருடம் மைதானத்தில் மயங்கி விழுந்து, தடுக்கி விழுந்ததாகச் சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

புதிதாக வந்திருக்கும் உயிரியல் டீச்சர். குழந்தைக்கு மூன்று மாதம். மதியம் ஒரு பீரியட் சேர்ந்தாற்போல் வேண்டும், வெள்ளிக்கிழமை சீக்கிரம் போக வேண்டும், அன்றைக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் மூன்றரைக்கே கிளம்பிவிடுவார்.

இப்படி ஒவ்வொருவராக. நான் மஞ்சள் அடித்த பெயர்கள் எல்லாம் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக மஞ்சளை எடுத்துக்கொண்டே வந்தேன். அவர் கண்ணை மூடியிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. காது சூடாகிற அளவுக்கு வெட்கம்.

பிறகு, "புவியியல்" என்றார். கண்ணைத் திறந்தார். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்க வரி காலி."

"காலின்னா?"

"நீங்க எதுவும் சொன்னதில்லையே டீச்சர். பதினோரு வருஷமா அந்த வரி காலியாத்தான் இருக்கு."

"மனு குடுத்தேனே. பதினோரு மனு."

"மனுவை எச்.எம். என்கிட்ட காட்டுவாங்க. படிச்சிருக்கேன். சுழற்சி முறை வேணும், சமநீதி வேணும்னு எழுதியிருப்பீங்க. வெள்ளிக்கிழமை உங்களுக்கு என்ன வேலைன்னு ஒரு வரி இருக்காது. சரி, இவங்களுக்கு ஒண்ணும் இல்ல, கொள்கைக்காகச் சண்டை போடறாங்கன்னு நினைச்சேன்."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை எனக்கு என்ன வேலை என்று அந்தப் பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று நானே பார்த்துக்கொண்டேன். நான் அங்கே சேர்ந்த வருடம்தான் எனக்கு விவாகரத்து ஆனது. மகளுக்கு ஏழு வயது. வாரம் முழுக்க அவள் அப்பாவோடு, வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு வரை என்னோடு என்று தீர்ப்பு. அவர் நாலேகால் மணிக்கு எங்கள் கட்டடத்தின் கீழே இறக்கிவிட்டுவிட்டுப் போவார், ஒரு நிமிடம் முன்பின் ஆகாது. மூன்று மணிக்குக் கிளம்ப முடிந்தால் நான் அதற்குள் வந்துவிடலாம், எட்டாவது பீரியடை முடித்துப் பஸ் பிடித்து வந்து சேர ஐந்தாகும். அதுவரை அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். சின்ன வயதில் சாவியைக் கொடுக்கப் பயம், பெரியவளான பிறகு கொடுத்தும் பழக்கத்தில் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் வாட்ச்மேன் வரைக்கும் போய்விடும் என்று நினைத்தேன். என் கணவர் வெளியூரில் வேலை பார்ப்பதாகத்தான் இன்றுவரை அங்கே பேச்சு.

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?" என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "ஏழு இடம் இருக்கு டீச்சர். ரெண்டு வருஷம் தவிர ஏழும் நிறைஞ்சதே கிடையாது. மிஞ்சற இடத்துல சீட்டுப் போட்டு யாரையாவது வைப்பேன். இந்த வருஷமும் ஆறு பேர்தான். ஒண்ணு காலி."

பதினொன்றில் இரண்டு போக ஒன்பது வருடம். ஒரு வருடத்துக்கு நாற்பது வெள்ளிக்கிழமை. பெருக்கிப் பார்க்க எனக்குக் கணக்கு ஆசிரியர் தேவையில்லை.

"இப்ப சொல்லுங்க, போட்டுடலாம்" என்றார்.

நான் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை, என் பதினோரு மனுவுக்கும் எதிரியாக இருந்த மனிதரிடம், அவருடைய படுக்கையறையில், திரையில் எண்பத்திரண்டு சதவீதம் ஓடிக்கொண்டிருந்தபோது சொன்னேன். மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவர் பரிதாபமாக ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. வேதியியல் டீச்சருக்கும் ஓவிய சாருக்கும் ஆட்டிய அதே தலையாட்டல்.

"பாப்பாவுக்கு இப்ப என்ன வயசு?"

"பதினெட்டு முடிஞ்சிருச்சு. போன மாசம் வெளியூர்ல காலேஜ்ல சேந்துட்டா. வெள்ளிக்கிழமை இப்ப யாரும் வரதில்ல."

அவருடைய மனைவி உள்ளே வந்து டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போனார்.

என் வரிசையில், வெள்ளிக்கிழமை எட்டாவது கட்டத்தில், எட்டாம் வகுப்பு பி பிரிவு என்று நானே தட்டினேன். ஒன்றும் சிவப்பாகவில்லை.

சாயங்காலம் நாலரை மணிக்கு டைம்டேபிள் முடிந்தது. அதற்குள் கம்ப்யூட்டரும் எழுந்துவிட்டது. அப்டேட் எல்லாம் ஏற்றி, ஆன்டிவைரஸை முடுக்கி, இரண்டு கணக்கு உண்டாக்கினேன். தினசரி வேலைக்கு ஒன்று, புதிதாக எதையாவது நிறுவ ஒன்று. இரண்டாவதின் கடவுச்சொல்லை அவருடைய மனைவியைப் போடச் சொன்னேன்.

"இனிமே எதையாவது இறக்கணும்னா என்னைக் கேக்கணும், அப்படித்தானே?" என்றார் மனைவி. அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

"மரியாதையாக் கேக்கறேன்" என்றார் கட்டம் சார்.

"பேக்கப் ரெண்டு டிஸ்க்ல எடுங்க" என்றேன். "வாரத்துக்கு ஒரு தடவை மாட்டணும், காப்பி முடிஞ்சதும் கழட்டிடணும். மாட்டியே வச்சிருந்தா அது பேக்கப் இல்ல. ஒண்ணு இங்க இருக்கட்டும், இன்னொண்ணு வேற வீட்டுல. நம்பிக்கையான ஆளா பாத்துக் குடுங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பீரோவிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து, காப்பி போட்டு, கடவுச்சொல்லால் பூட்டி, தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை பலகையில் டைம்டேபிள் ஏறியது. வேதியியல் டீச்சர் வந்து, செவ்வாயின் கடைசிக் கட்டங்களில் விரலை வைத்துப் பார்த்தார், பிறகு வெள்ளி. மூச்சு விட்டார், நகர்ந்தார். நான் போட்டோ எடுக்கவில்லை. எச்.எம். மேடம் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, "இந்த வருஷமும் உங்களுக்கு வெள்ளிக்கிழமை விழுந்திருக்கே, மனு எப்ப வரும்?" என்றார். வராது என்றேன். அவர் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டாவது பீரியடில் எட்டாம் வகுப்புக்குக் காற்றழுத்தம் நடத்தினேன். என்னிடம் இருந்த பேக்கப் டிஸ்க்கைக் கட்டம் சாரிடம் கொடுத்து, அந்த வாரக் காப்பி இருந்த மற்றதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. படியில் யாரும் இல்லை. மேலே ஏறாமல் அங்கேயே உட்கார்ந்தேன். கல் குளிர்ச்சியாக இருந்தது, சுவரில் ஒரு பக்கம் எண்ணெய்க் கறை, தலை சாய்த்துச் சாய்த்து ஏற்பட்டது. மகளுக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா, இந்த நேரத்துல?"

அந்தப் படியில் உட்கார்ந்து என்னடி செய்வாய் என்று கேட்டேன். ஹோம்வொர்க் செய்வேன், பஸ் எண்ணுவேன் என்றாள். உன் பஸ் எப்போதும் ஏழாவது என்றாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்தவர் வரிகளை விட்டுவிட்டு, என் காலி வரியை மட்டும்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"கேக்க வேண்டியதுதானேம்மா" என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

ஆமாம் என்றேன். தெருவில் அடுத்த பஸ் வந்து நின்று, யாரோ இறங்கி, போய்விட்டது.